சகலையின் இடுப்பு

என் சகலைக்கு இடுப்பு வந்த நாளிலிருந்து என் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று.

அதற்கு முன்னால் அவருக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. மார்பு முடிகிற இடத்தில் வயிறு தொடங்கும், வயிறு முடிகிற இடத்தில் கால் தொடங்கும். எனக்கும் அப்படியேதான். அக்காவும் தங்கையும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டதாகச் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. அதில் நாங்கள் இருவரும் சமமாக இருந்தோம்.

வேலையும் ஒரே அலுவலகத்தில்தான். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற எடை அளவு அலுவலகம். நான் வெளியாய்வாளன். வெயிலில் மீன்கடைத் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பிழைப்பு. சகலை மூல அறைக்குப் பொறுப்பாளர். குளிரூட்டிய அறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மூல எடைக்கற்கள் இருக்கின்றன. ஊரில் உள்ள எல்லாக் கிலோவும் அந்த ஒரு கிலோவுக்குக் கட்டுப்பட்டது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்து வைப்பதும், எடுத்து வைத்ததைத் துடைப்பதும்தான் அவர் வேலை. இதிலும் எனக்கு எரிச்சல் உண்டு. வயிறு சமமாக இருந்தவரை பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். ஒட்டிய கன்னம், எலும்பு தெரிகிற மணிக்கட்டு. முதல் நாளே எல்லோரையும் கூட்ட அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

“ஊருக்கெல்லாம் எடை சரியா இருக்கான்னு பாக்குறோம். நம்ம எடைய யார் பாத்தது? நேத்து நம்ம லிஃப்ட் பாதி வழியில நின்னுபோச்சு. உள்ள நம்ம ஆளுங்க ஆறு பேர்தான். பத்து பேர் ஏறலாம்னு அதுல முத்திரை குத்துனதும் நாமதான். அப்ப தப்பு யார் மேல? முத்திரை மேல இருக்க முடியாது. அதனால நம்ம மேல.”

இப்படித்தான் அன்றாட மாவுச்சத்துக் குறைப்புத் திட்டம் எங்கள் அலுவலகத்தில் பிறந்தது. ரொட்டி, அரிசி, கிழங்கு, சர்க்கரை எல்லாம் விலக்கு. அதற்கு ஈடாக வெள்ளிக்கிழமைதோறும் உணவகத்தில் ஸ்டேக். தடிமனாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டைச் சூடான கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, மேலே ஒரு கட்டி வெண்ணெயை உருகவிட்டுத் தருவார்கள். அதைப் பார்த்ததும் திட்டத்தை எதிர்க்க நினைத்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு மெல்வதற்காகத் திறந்தார்கள்.

இறைச்சிக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. அது பிறவியிலேயே முத்திரை பெற்றது என்றார் இயக்குநர். சிக்கல் அதன் பக்கத்தில் வைக்கிற தொடுகறியில் இருந்தது. வெறும் இறைச்சியை எத்தனை நாள் தின்பது? கூட ஏதாவது வேண்டுமே. அந்த ஏதாவதின் வழியாகத்தான் மாவுச்சத்து உள்ளே நுழையும் என்பது அவர் கண்டுபிடிப்பு. “எதிரி தட்டுக்கு நடுவுல வரமாட்டான். ஓரமா, சாதுவா வந்து உக்காருவான்” என்றார். உடனே தொடுகறி அனுமதிக் குழு அமைக்கப்பட்டது. குழுவில் சேருவதற்கு ஒரே தகுதி, ரொட்டியைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். குழுத்தலைவர் இயக்குநரேதான். ரொட்டியைத் தான் கனவில் மட்டும் தொட்டதாகவும், அதையும் மறுநாள் காலையிலேயே மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டதாகவும் பெருமையோடு சொன்னார்.

நான் இதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். சகலை விடவில்லை. சில மாதங்களில் அவர் உடம்பு உருகியது. ஒரு நாள் மூல அறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது நடுவில் ஒரு வளைவு தெரிந்தது. இடுப்பு. பெல்ட் அதன் மேல் நின்றது. அலுவலகமே மூக்கில் விரல் வைத்தது. திட்டத்தின் முதல் முன்மாதிரி ஊழியர் என்று அவரை அறிவித்து, இரண்டு படங்களை ஒரே சட்டத்துக்குள் போட்டு மாட்டினார்கள். இடது பக்கத்தில் பழைய சகலை, கீழே ‘முன்’. வலது பக்கத்தில் புது சகலை, கீழே ‘பின்’.

அலுவலகத்தில் மாட்டியதோடு விட்டிருந்தால் நான் வேறு வழியாகப் போய் வந்திருப்பேன். அவர் மனைவி பிரதிகள் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தாள். என் மனைவி அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே, என் நாற்காலிக்கு நேராக மாட்டினாள். இனி காலையிலும் இரவிலும் சகலையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் நான் வாயைத் திறக்க வேண்டும்.

“அத்தானைப் பாருங்க. எப்படி இருந்தவர் எப்படி ஆயிட்டார்.”

“அதைக் கழட்டு. சாப்பாடு இறங்க மாட்டேங்குது.”

“இறங்காம இருக்கத்தான் மாட்டியிருக்கேன். உங்க படம் வரட்டும், இதை எடுத்துட்டு அதை மாட்டுறேன். இருக்கிறது ஒரே ஆணி.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்று எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு ஸ்டேக்கை வாட்டி எடுத்திருக்கலாம். அந்த ஆணி எனக்கு வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையில் எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

உடம்பு இளைப்பது எனக்கு ஆகாத காரியம். அனுமதி பெற்ற தொடுகறி செய்தவருக்கும் படம் உண்டு என்று அறிவித்திருந்தார்கள், எனக்கு மிச்சம் இருந்த வழி அது ஒன்றுதான். ஸ்டேக்குக்குப் பக்கத்தில் வைக்க ஒரு தொடுகறி செய்து, குழுவிடம் அனுமதி வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை அது எல்லோர் தட்டிலும் விழ வேண்டும். நான் அடுப்படிக்குள் இறங்கினேன். முதலில் பீன்ஸ். நீளவாக்கில் கீறி, கொதிக்கிற தண்ணீரில் காட்டி எடுத்து, வெண்ணெயில் நசுக்கிய பூண்டு போட்டு வதக்கி, உப்பும் மிளகும் தூவினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாக இருந்தது. குழு ஆளுக்கு ஒன்று எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. உள்ளே விதை இருக்கிறது, விதை தானியத்துக்கு உறவு, ஆகவே நிராகரிப்பு. அடுத்து, இறைச்சி வாட்டிய அதே கல்லில், அது விட்ட கொழுப்பிலேயே காளானைப் புரட்டிக் கொண்டுபோனேன். காளான் காயா கறியா என்று குழுவுக்குள் தகராறு வந்தது. காயென்றால் எடை பார்க்க வேண்டும், கறியென்றால் வேண்டாம். முடிவு எடுக்கும்வரை காளானை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் அலமாரியே அதற்கு ஒரு முடிவு சொன்னது.

கடைசியாக வெள்ளரிக்காய். சன்னமாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் கலந்து வைத்தேன். இதைவிட எளிமையாக ஒன்று உலகத்தில் கிடையாது. குழு எடை போட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த அறையில் ஒரு கூட்டம் முடித்துவிட்டு வந்து மறுபடி எடை போட்டது. உப்பு பட்ட வெள்ளரிக்காய் தண்ணீர் விடும் என்பது சமையல் தெரிந்த யாருக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் எடைக் குறைப்பு. அன்று மாலை என் கையில் ஒரு குறிப்பாணை வந்தது. காய்கறிக்காரர்களுக்கு நானே எழுதி எழுதிக் கை தேய்ந்த அதே வாசகம், கடைக்காரர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர்.

அதே வாரம் சகலை ஒரு தொடுகறி கொண்டுவந்தார். காலிஃப்ளவரை ஆவியில் வேகவைத்து, வெண்ணெயும் பாலாடையும் சேர்த்து நைசாக மசித்தது. குழு ஆளுக்கொரு கரண்டி எடுத்து வாயில் வைத்தது. பிறகு கண்ணை மூடியது.

“அப்படியே உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கு” என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது.

அந்த அலுவலகத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எல்லோரும் விட்டொழித்தது எதுவோ அதைப் போலவே இருப்பதுதான் அங்கே ஒரு தொடுகறியின் உச்சம். சகலை வெட்கப்படுகிறவர் போலக் கையுறையைச் சரிசெய்துகொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

“மாதிரியே இருக்குன்னா, எதோட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்றீங்க?”

வேறு எந்த அலுவலகத்திலாவது இதைக் கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள். எடை அளவு அலுவலகத்தில் மூலம் இல்லாமல் ஒப்பீடு செய்வது மகா பாவம். இயக்குநரின் முகம் வெளுத்தது. குழுவில் எல்லோரும் உருளைக்கிழங்கைத் தின்று வெகுகாலம் ஆகிறது. இவர்கள் ஒப்பிட்டது ஞாபகத்தோடு. ஞாபகத்துக்கு முத்திரை கிடையாது. சகலையின் தொடுகறி நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று இரவு எனக்கு நல்ல பசி.

என் சந்தோஷம் திங்கட்கிழமை வரைதான். மூல உருளைக்கிழங்கு ஒன்று வாங்குவதென்று தீர்மானம் ஆனது. சந்தைக்குப் போய், சோதித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள், மூலக் கிலோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சகலை கையுறையோடு அதையும் துடைத்தார். அதைத் தின்னக் கூடாது, தின்றால் மூலம் போய்விடும். ஆகவே மசியலைக் கூண்டுக்கு வெளியே வைத்துக் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒற்றுமை போதவில்லை. இதற்குள் மூல உருளைக்கிழங்கு முளைவிட்டது. முளைத்ததைச் சேர்த்து எடை போடுவதா, கிள்ளிவிட்டுப் போடுவதா என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வருவதற்குள் அது சுருங்கிப்போனது. மூலம் சுருங்கினால் மற்றதெல்லாம் பெருத்ததாகத்தான் அர்த்தம் என்று ஒரு உதவியாளர் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

“கேள்வி கேட்டது நீங்கதான். விடையும் நீங்கதான். இந்த ஆபீஸ்ல இன்னும் உருளைக்கிழங்கு திங்கிற ஒரே நாக்கு உங்களோடது. வீட்ல திங்கிறீங்கன்னு உங்க சகலையே சொல்லிட்டார். இனிமே நீங்கதான் மூலம்.”

வேலை இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் மூல அறையில் உட்கார்ந்து, வேகவைத்து வெண்ணெய் தடவிய ஒரு உருளைக்கிழங்கை நான் தின்ன வேண்டும். அதோடு என் நாக்கு முத்திரை பெற்றதாக ஆகும். மதியம் ஸ்டேக்கோடு தொடுகறியைத் தின்று, அது உருளைக்கிழங்குக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்ல வேண்டும். ஆண்டு விழா வரை தொடர்ந்து சோதித்து, விழாவில் இறுதித் தீர்ப்பு. நான் சொல்லுவதை வைத்துத்தான் சகலைக்கு அடுத்த படம்.

மூல அறைக்குப் பொறுப்பாளர் அவர்தானே. ஆகவே உருளைக்கிழங்கை வேகவைத்து, தோல் உரித்து, வெண்ணெய் தடவி, வெள்ளைக் கையுறையோடு என் முன்னால் வைக்க வேண்டியவரும் அவரே. நான் தின்று முடிக்கும்வரை சாட்சியாக நிற்க வேண்டியவரும் அவரே. கடவுள் இருக்கிறார் என்று அன்றுதான் நினைத்தேன்.

நான் மெதுவாகத் தின்பேன். ஆவி பறக்கிற கிழங்கைக் கரண்டியால் உடைத்து, வெண்ணெய் உள்ளே இறங்குகிறதா என்று பார்த்து, ஊதி, வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணைத் திறந்தால் சகலையின் தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். முதல் சில வாரம் அவர் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு நாள், யாரும் இல்லாதபோது, மெல்லக் கேட்டார்.

“எப்படி இருக்கு, தம்பி?”

“மாவா இருக்குண்ணே. ஓரத்துல வெண்ணெய் பட்ட எடத்துல லேசா உப்பு. நாக்குல வெச்சதும் தானா கரையுது.”

“தோலோட சாப்பிட்டா இன்னும் நல்லாருக்குமே.”

“தோல் சட்டப்படி உங்ககிட்டதான் இருக்கணும்.”

அவர் திரும்பிக்கொண்டார். “பொய் சொல்ல மாட்டேன் தம்பி. உன்னப் பாத்தா வயிறெரியுது” என்றார். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன் போலிருக்கிறது. உருளைக்கிழங்கைவிட அதுதான் இனித்தது. அடுத்த வாரம் இன்னும் மெதுவாகத் தின்றேன்.

மதியத்தில் மசியலுக்கு நான் கொடுத்த தீர்ப்புகள் நியாயமானவை, கொஞ்சம் கொடூரமானவை. பக்கம்தான், ஆனால் முட்டைக்கோஸ் வாடை. பக்கம்தான், ஆனால் ஓரத்தில் தண்ணீர் விடுகிறது. வெள்ளரிக்காயை நான் மறக்கவில்லை. சகலை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு வகையில் மசித்துப் பார்த்தார். ஆண்டு விழாவில் நான் கையை விரித்துவிட்டால் அவர் படம் இறங்கும், ஆணி காலியாகும் என்று கணக்குப் போட்டேன். என் மனைவியிடமும் சொன்னேன். அத்தான் செய்ததைத் தின்று பார்க்கிற வேலைக்கு இவ்வளவு மிடுக்கா என்று அவள் கேட்டாள்.

விழா நாள் வந்தது. மேடையில் மேலிடத்திலிருந்து வந்த பெரியவர்கள், கீழே அலுவலகம், முன்வரிசையில் குடும்பங்கள். என் மனைவியும் அவள் அக்காவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். மேடை நடுவில் எனக்கு ஒரு சிறு மேசை. வெள்ளைக் கையுறையோடு சகலை வந்து தட்டை வைத்தார். நடுவில் ஸ்டேக், ஓரத்தில் சாதுவாக மசியல். என் கண்ணைப் பார்க்காமல் போய் ஓரமாக நின்றார்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.

மாவாக இருந்தது. நாக்கில் வைத்ததும் தானாகக் கரைந்தது. நடுவில் ஒரு சின்னத் தோல் துணுக்குகூடப் பல்லில் பட்டது. காலையில் நான் தின்ற அதே கிழங்கின் உடன்பிறப்பு. மனுஷன் தாங்க முடியாமல் அசலையே போட்டுவிட்டார். வழியில் எவ்வளவு தானே தின்றாரோ. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? எழுந்து நின்று, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“இது காலிஃப்ளவர் இல்ல. இது உருளைக்கிழங்கு.”

உடனே கைதட்டல் இடித்தது. மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நான் பதறிப்போய்க் கையை ஆட்டினேன். உண்மையாகவே உருளைக்கிழங்கு, சத்தியமாக உருளைக்கிழங்கு என்று கத்தினேன். கத்தக் கத்தத் தட்டல் ஏறியது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“கவனிச்சீங்களா? இதுவரைக்கும் எல்லாரும் உருளைக்கிழங்கு மாதிரின்னுதான் சொன்னாங்க. நம்ம மூலம், முத்திரை பெற்ற நாக்கு, உருளைக்கிழங்கேதான்னு சத்தியம் பண்ணுது. பிழை பூஜ்யம். இந்த ஆபீஸ் தொடங்குன நாள்லேருந்து இப்படி ஒரு பூஜ்யம் வந்ததில்ல. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். தாராளமாக என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் சோதனை என்றால் தராசுதான். ஒரு தட்டில் ஒரு கரண்டி மசியல், மறு தட்டில் மூல அறையிலிருந்து கொண்டுவந்த வெந்த கிழங்கு ஒரு கரண்டி. முள் நடுவில் வந்து ஆடாமல் நின்றது. மறுபடி கைதட்டல். முன்வரிசையில் என் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சகலை என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த உதவியைச் சாகும்வரை மறக்க மாட்டேன் என்றார். அவர் வாயில் வெண்ணெய் மணந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் எரிகிறது. தொடுகறி மூலத்துக்குச் சமம் ஆகிவிட்டதால் இனி தனியாக மூலம் தேவையில்லை என்று என் பதவியை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலைக் கிழங்கு நின்றது. சகலையின் மசியல் முத்திரை பெற்று எல்லோர் தட்டிலும் விழுந்தது. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும், பிறகு எல்லா நாளும். அலுவலகம் திட்டத்தை இவ்வளவு உற்சாகமாகப் பின்பற்றி நான் பார்த்ததில்லை. இரண்டாம் முறை வாங்குவதற்கு வரிசை நின்றது. இயக்குநரின் கன்னம் உப்பியது. லிஃப்ட் மறுபடி நின்றது, இந்த முறை நான்கு பேரோடு.

நான் அதைத் தொடவில்லை. சகலையைத் தவிர, அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் கண்ணை மூடி விழுங்கும்போது, நான் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த பூண்டு வெண்ணெய் பீன்ஸை ஸ்டேக்குக்குப் பக்கத்தில் கொட்டிக்கொண்டு தின்றேன். வீட்டில் ரொட்டி இறங்கவில்லை, எதிரே படம். பழைய படத்தை எடுத்துவிட்டு என் மனைவி பெரிய படம் மாட்டியிருந்தாள், மேடையில் சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதில் என் கை மட்டும் விழுந்திருந்தது. அனுமதி பெற்ற தொடுகறியை மறுத்து, அனுமதியற்றதைத் தின்கிறவன், திட்டத்துக்கு ஒத்துழைக்காதவன் என்று எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அதை வாங்கிக்கொண்டும் பீன்ஸையே தின்றேன்.

சகலையின் இடுப்பு வந்த வழியே போய்ச் சேர்ந்தது. மார்பு முடிந்த இடத்தில் மறுபடி வயிறு தொடங்கியது. அலுவலகத்தில் ஒரு சின்னச் சங்கடம், சுவரில் இருக்கும் முன்மாதிரிப் படம் ஆளோடு பொருந்தவில்லை. இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். படத்தில் பிழை இல்லை, அதை இதுவரை தவறான திசையில் பார்த்துவந்தோம், இனி வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். ஒருவர் ஏணி போட்டு ஏறி ‘முன்’ என்பதையும் ‘பின்’ என்பதையும் இடம் மாற்றி ஒட்டினார்.

போன வாரம் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது என் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. இடுப்பு என்று நான் சொல்லுவதைக் கவனியுங்கள். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு வளைவு, சந்தேகமே இல்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு வந்து பக்கவாட்டில் நின்றேன்.

என் மனைவி தட்டை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“என்னங்க இது, இப்படிக் காஞ்சு கருவாடா ஆயிட்டீங்க? அத்தானைப் பாருங்க. மனுஷன் எப்படி தளதளன்னு இருக்கார்.”

பார்த்தேன். அதே ஆணியில், ஆடாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.